பதினேழாம் பேர்

1981 பெப்ரவரி 11, புதன்கிழமை.
பிழை: நேற்றைய ஒத்திகையில் முப்பத்தோராம் பேருக்குக் கை தூக்க வேண்டியவள், ஒன்று முந்தி முப்பதாம் பேருக்கே தூக்கிவிட்டேன். சோலைமலை அண்ணன் தப்படிப்பதை நிறுத்தினார். எல்லோரும் நிறுத்தினார்கள். பிறகு முப்பத்தோராம் பேருக்கும் தூக்கினேன். முப்பதாம் பேர் செல்லசாமி. அவர் உயிரோடு, ஊரோடு இருக்கிறார். நஜீம் நானா அதை டேப் ஸ்பூலில் பதிந்தும்விட்டார்.
நாளை: அந்த ஸ்பூலை அழிக்கச் சொல்ல வேண்டும்.

பவுலின் எழுதியதை மூன்று முறை வாசித்தாள். வேறு பிழை இருக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஐம்பதடி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பிறவி அவள். அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே மாலை வகுப்பில் தட்டெழுத்துச் சொல்லிக்கொடுத்த மிஸ், "தினமும் பத்து வரியாவது எழுதுங்க, கை ஓடும்" என்று ஒருநாள் சொல்லி வைத்தார். கூடப் படித்த பதினான்கு பேரும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். பவுலின் மட்டும் ஒன்றரை வருடமாக விடவில்லை. தேதி, அன்றைய பிழை, நாளைய வேலை. பிழை இல்லாத நாள் என்று ஒன்றுகூட அந்தக் கொப்பியில் கிடையாது.

பகலில் அவள் நஜீமின் ரேடியோக் கடையில் ரசீது எழுதினாள். சனியும் செவ்வாயும் அதே கடையின் பின்னறையில், அண்ணன் சிறிலின் பொப் கோஷ்டிக்குக் கை தூக்கினாள்.

அந்தக் கோஷ்டியின் கதை கொஞ்சம் விசித்திரமானது. சிறில் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். எழுபத்தைந்தாம் வருடம் ஒரு காலைப் பெரட்டில், கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் பிரிக்கப் பேர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு பேர் ரெண்டு எழுத்தில் முடிகிறது, அடுத்தது ஆறு எழுத்துக்கு இழுக்கிறது. அந்த நீளத்தையே தாளமாக வைத்துக் கிட்டார் வாசித்தால்? ஆதி தாளமும் இல்லாத, பைலாத் துள்ளலும் இல்லாத ஒரு நடை வந்தது. நஜீம் தேயிலை பெக்டரிக்குப் போய், கொழுந்து அரைக்கிற ரோலரின் சத்தத்தைப் பதிந்து வந்தான். நாடாவை வெட்டி வளையமாக ஒட்டி ஒரு சோடாப் போத்தலைச் சுற்றி ஓடவிட்டான். ரோலர் நிற்காமல் அரைத்துக்கொண்டே இருந்தது. தப்புக்குச் சோலைமலை. தோட்டத்தில் விடியுமுன் தப்படித்து ஆளெழுப்புகிறவர் அவர்தான்.

அவர்கள் வாசித்தது ஒரே ஒரு உருப்படி. பத்தொன்பது நிமிடம். எழுபத்துநாலாம் வருடத் தோட்டத்துப் பேர்ப் பட்டியலின் ஒரு பக்கம், அதில் இருந்த நாற்பத்தொரு பேர். சிறில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். இருக்கிற ஆளுக்குச் சோலைமலை ஒரு அடி அடிப்பார். இல்லாத ஆளுக்கு ஒன்றும் கிடையாது. கிட்டார் நிற்கும், ரோலர் நிற்கும், தப்பு நிற்கும். நாலு எண்ணும்வரை வெறும் மௌனம். அப்படி இல்லாதவர்கள் ஒன்பது பேர். நாலு பேர் எழுபத்துநாலு பஞ்சத்தில் போனவர்கள். ஐந்து பேரைக் குடும்பத்தோடு தலைமன்னார்க் கோச்சியில், கப்பலுக்குப் போகும் ரயிலில், ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தாளம் திரும்பி வராத பாட்டில் எவராலும் எண்ண முடியாது. அதனால் பட்டியலை வைத்துக்கொண்டு பவுலின் மேடையோரத்தில் நிற்பாள். மௌனம் வரும் இடத்தில் கை தூக்குவாள். அவள் கை இறங்கும்வரை ஒருவரும் மூச்சுவிடக் கூடாது.

ஆறு வருடத்தில் இருபத்துமூன்று மேடை. வட்டகொடையில் ஒரு கல்யாண வீட்டில் மூன்றாவது மௌனத்தில் கரண்ட் போய்விட்டதாக நினைத்து வயர்க்காரனைக் கூப்பிட ஆளனுப்பினார்கள். ஒரு மண்டபத்தில், செத்த வீட்டுப் பறையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சோலைமலையை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சிறில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலிலேயே உட்கார்ந்து பத்தொன்பது நிமிடமும் வாசித்தான். மழையில் கேட்டவர்கள் ஏழு பேர். டயகமவில் வேலைநிறுத்தத்தின்போது முந்நூறு பேருக்கு முன்னால் வாசித்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒரு ஆள் மட்டும் மேடைக்குப் பின்னால் வந்து, "எங்க தம்பி பேரையும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டான்.

அந்தச் சிறில்தான் இப்படிச் செய்வான் என்று பவுலின் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

வியாழன் காலை கடையைத் திறந்ததுமே அவள் ஸ்பூலைப் பற்றிச் சொன்னாள். நஜீம் ஒரு ரேடியோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். "பின்னேரம் அழிப்பம் புள்ள. ஒரு பிழைக்காக இப்பிடித் துடிக்கிறியே, நான் ஒரு நாளைக்குப் பத்து விடுறன், எனக்கு ஆரு கேக்கிறாங்க?"

மூன்று மணிக்குச் செல்லசாமியே வந்துவிட்டார். கொழுந்து நிறுத்து முடித்து, டோர்ச் லைட்டுக்குப் பற்றரி வாங்க டவுனுக்கு இறங்கியவர். வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"என்னா தங்கச்சி, என்னையக் கோச்சி ஏத்திட்டியாமே?"

பவுலினுக்கு முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்கண்ணே. எண்ணிக்கை ஒண்ணு தவறிருச்சு."

"பாஸ்போட்டும் வரல, கடுதாசியும் வரல, நீ பாட்டுக்கு அனுப்பி வச்சிட்ட! சோலைமலை எங்க லயத்து வாசல்ல வந்து சொன்னதுல இருந்து எங்க வூட்டுக்காரி திருநீற எடுத்து எடுத்து என் நெத்தியிலயே பூசுறா. லேட்டா வந்தவனுக்குக் கங்காணிகூட அரைப்பேராவது போட்டுப் பாதிச் சம்பளம் குடுப்பாரு. நீ அதுவும் போடல."

நஜீம் விழுந்து விழுந்து சிரித்தான். கூட வந்திருந்த சோலைமலையும் வாயைப் பொத்திக்கொண்டார். பவுலின் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரம்தான் சிறில் மூச்சிரைக்க உள்ளே வந்தான். பள்ளிக்கூடம் விட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் கொழும்புப் பார்சலை எடுத்து வந்திருந்தான்.

போன மாதம் கொழும்பில் ஒரு கம்பெனிக்காக இரண்டு நாள் பதிந்தார்கள். டக்ளஸ் என்கிறவன் ஒழுங்கு செய்தது. பூர்வீகம் வட்டகொடை, இப்போது கொழும்பில் கசெட் போடுகிறவன். கசெட்டின் மேலே பச்சை மலையும் கூடைக்காரிகளின் சிரிப்பும் அச்சடித்திருந்தது. நஜீம் அதைப் பெட்டிக்குள் போட்டான்.

முதலில் ட்ரம் வந்தது. சோலைமலையின் தப்பு எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. பிறகு சிறிலின் குரல், பேர் கூப்பிட்டது. ஒவ்வொரு பேருக்கும் பின்னால் இரண்டு பெண்கள் கொஞ்சலாக, "வந்தேன் சார்!" என்றார்கள்.

பவுலின் பென்சிலை எடுத்துக்கொண்டாள். பட்டியல் அவளுக்கு மனப்பாடம். நாலாம் பேர், கோச்சி ஏறியவர். "வந்தேன் சார்!" ஒன்பதாம் பேர், பஞ்சத்தில் போனவர். "வந்தேன் சார்!" தான்தான் எண்ணிக்கையைத் தவறவிட்டோம் என்று நினைத்தாள்.

"பேச்சி!" என்றது சிறிலின் குரல்.

"வந்தேன் சார்!" என்றார்கள் பெண்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

பதினேழாம் பேர். சோலைமலையின் தங்கச்சி. எழுபத்துநாலில் மரவள்ளித் தோலையும் கீரைத் தண்டையும் அவித்துத் தின்று, வயிறு வீங்கிச் செத்தவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

நாலரை நிமிடத்தில் பாட்டு முடிந்தது. "திருப்பிப் போடுங்க நானா" என்றாள் பவுலின். போட்டான். "இன்னொருக்கா." போட்டான். மூன்று முறையும் அவள் கணக்கு ஒன்றுதான். பேர் நாற்பத்தொன்று. மௌனம் ஒன்றுமில்லை.

சோலைமலை பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "ஏழு வருசமா வராதவ. கொழும்புல கூப்பிட்டதும் ஓடி வந்துட்டா பாருங்க."

"அண்ணே, இது அவங்க செஞ்ச பிழையா?" என்று கேட்டாள் பவுலின். "எழுதிக் கேப்போம். நான் டைப் பண்ணித் தாறேன்."

சிறில் கசெட் அட்டையை விரலால் நீவிக்கொண்டிருந்தான். "பிழையில்ல. நீங்க எல்லாம் கோச்சி ஏறினப்புறம் நான் இன்னும் ஒரு நாள் நின்னேன்ல? அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணுங்கள வச்சு எடுத்தாங்க."

"நீ இருந்தியா?"

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

பவுலின் பென்சிலைக் கீழே வைத்தாள். ஆறு வருடமாக இந்த மனிதனின் நாற்பத்தொரு பேரையும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு, எங்கே ஒன்று தவறிவிடுமோ என்று ராப்பகலாகப் பயந்து செத்திருக்கிறாள். ஒரே ஒரு பேருக்குக் கை தவறியதற்காக நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இவன் ஒன்பது மௌனத்தையும் ஒரே நாளில் விற்றுவிட்டு, டக்ளஸ் வாங்கிக் கொடுத்த புரியாணியையும் தின்றுவிட்டு, ஊருக்கு வந்து ஒரு மாதமாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்.

"இங்க பாரு பவுலின்" என்றான் சிறில். "ரேடியோவுல நாலு செக்கன் சத்தமில்லாம விட்டா, ஸ்டேஷன் செத்துப்போச்சுன்னு ஆளுங்க திருப்பிருவாங்க. ஆறு வருசம் வாசிச்சோம். எத்தன பேரு கேட்டான்? மழையில ஏழு பேரு! இப்ப ஊர் முழுக்கக் கேக்கும். நம்ம ஆளுங்க பேரு ரேடியோவுல வருது. அது போதாதா?"

"பேரு வருதுண்ணே. அவங்க போனது எங்க வருது?"

"போனது போச்சு!"

"யாரு வீட்டுல போச்சு?" பவுலினின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நம்ம வீட்டுலயா போச்சு? அப்பா பேரு பெக்டரிச் சம்பளத்துல இருந்ததால நாம கஞ்சியாவது குடிச்சோம். இந்தா நிக்கிறாரு, இவரு வீட்டுல போச்சு. இவருகிட்டக் கேட்டியா?"

சிறில் சோலைமலையைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை டவுன்ல வெளியீடு. மண்டபம் எடுத்தாச்சு. கசெட்டுல உள்ள மாதிரிதான் வாசிக்கிறோம். அந்தப் பொண்ணுங்களும் வருதுங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "இனி கை தூக்குற வேலை இல்ல. நீ கீழ உக்காந்து கேளு."

அவன் போன பிறகு செல்லசாமி பற்றரியைப் பையில் போட்டுக்கொண்டார். பகிடி எல்லாம் வடிந்திருந்தது. "இருக்கிறவன இல்லேன்னுட்டன்னு ஒன்னோட சண்டை புடிக்க வந்தேன் தங்கச்சி" என்றார். "இவன் இல்லாதவங்கள இருக்காங்கன்னுட்டான். இதுக்கு யாருகிட்டப் போயிச் சண்டை புடிக்கிறது?"

அன்றைக்கு ஸ்பூலை அழிக்கிற யோசனை யாருக்கும் வரவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் டவுன் கடைக்காரர்கள், ஆபீஸ் கிளாக்கர்மார். பின்னால் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்கிய சனம். டக்ளஸ் கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் ஏறி, "நம்ம மலைநாட்டுக் குயில்கள்!" என்று கத்தினான். கோஷ்டிக்கு அப்படி ஒரு பேர் இருப்பது பவுலினுக்கு அப்போதுதான் தெரியும். சோலைமலைக்கு மினுமினுக்கிற சட்டை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் வந்ததே அவளுக்கு ஆச்சரியம். வாசலில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வராம இருந்தா, வேற எவனாவது அடிப்பான் தங்கச்சி."

பவுலின் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் பட்டியல். பார்க்கவே தேவையில்லாத பட்டியல்.

நாலாம் பேரில் அவள் கை தானாகத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். நமக்கென்ன தெரியும், அண்ணன் படித்தவன், சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஒன்பதாம் பேரிலும் அடக்கிக்கொண்டாள். முன்வரிசை தாளத்துக்குத் தொடை தட்டியது. பின்வரிசை கல்லாக இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு "வந்தேன் சார்" கொஞ்சலும் அவளைக் கன்னத்தில் அறைவதுபோல் இருந்தது. பதினாறு.

"பேச்சி!"

பவுலின் எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.

சோலைமலையின் குச்சி அந்தரத்தில் நின்றது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், முதல் பேரிலிருந்தே. அடுத்த கணம் நஜீமின் விரல் நாடாவில் விழுந்தது, ரோலர் நின்றது. ஆறு வருடப் பழக்கத்தில் சிறிலின் கைகூடக் கம்பியை அமுக்கிவிட்டது. அந்தப் பாழ் மௌனத்தின் நடுவே இரண்டு பெண்களின் குரல் மட்டும் துணி விலகியதுபோல் தனியே கேட்டது.

"வந்தேன் சார்!" பிறகு அந்தச் சிரிப்பு.

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். மரியநாயகி, பேச்சியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள்.

"யாருடி வந்தது?" என்று கத்தினாள். "பேச்சி செத்து ஏழு வருசமாச்சு. அவளக் குளிப்பாட்டினது நானு. அவ பேருல வந்து சிரிக்கிறவ யாருடி?"

அதற்குப் பிறகு மண்டபம் மண்டபமாக இல்லை. பின்னாலிருந்தவர்கள் எழுந்து முன்னே நெருங்கினார்கள். "என்னா மச்சான் இது, பாட்டக் கேக்க விடுங்கப்பா!" என்று கடைக்காரர் ஒருவர் கூவினார். "ஒங்க வீட்டுச் சாவுல இப்பிடிப் பாடுவீங்களா மொதலாளி?" என்று பதில் வந்தது. அந்தப் பெண்கள் அழுதுகொண்டு உள்ளே ஓடினார்கள். பாவம், அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. டக்ளஸ் மைக்கைப் பிடித்து, "அமைதி, அமைதி" என்றான். ஆறு வருடமாக அமைதிக்காக நாயாய் அலைந்த கோஷ்டியின் மேடையில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பவுலின் பட்டியலை மடித்துக்கொண்டாள். பிறகு யாரோ லைட்டை அணைத்தார்கள்.

மண்டபத்தின் பின்வாசலில் சிறில் அவளைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"ஆறு வருசத்த ஒரு கையத் தூக்கிக் கெடுத்துட்டியேடி! எண்ணத் தெரியாதவ, செவ்வாக்கிழமைகூடப் பிழை விட்டவ, நீ வந்து எனக்கு..."

"செவ்வாக்கிழமை பிழை விட்டேன்" என்றாள் பவுலின். "இன்னைக்கு விடல."

டக்ளஸின் கார் ஹோர்ன் அடித்தது. சிறில் கிட்டாரைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறினான். கார் கொழும்புப் பாதையில் திரும்பியது. அவன் கண்ணாடியை இறக்குவானா என்று அவள் பார்த்தாள். இறக்கவில்லை. பவுலினுக்கு அழுகை வரவில்லை. காலை எட்டி ஒரு வெற்று எண்ணெய் டின்னை உதைத்தாள். அது படிக்கட்டில் உருண்டு விழுந்தது. போய் இன்னொரு முறை உதைத்தாள்.

கடைக்குத் திரும்பியபோது ஐந்து மணி. சோலைமலை மினுமினுக்குச் சட்டையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுத் தப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நஜீம் மேசை லாச்சியிலிருந்து செவ்வாய்க்கிழமை ஸ்பூலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கொழும்புல பதிஞ்சது அவனுகள்ட சொத்து. இனிச் சிறிலும் வரமாட்டான், திரும்ப வாசிக்க ஏலாது. பத்தொன்பது நிமிசமும் முழுசா இருக்கிறது ஒலகத்துல இது ஒண்டுதான்" என்றான். "நீதான் அழிக்கச் சொன்னாய். அழிக்கவா?"

பவுலின் ஸ்பூலையே பார்த்தாள். உள்ளே பேச்சிக்கு உரிய மௌனம் இருக்கிறது. மற்ற எட்டுப் பேருக்கும் இருக்கிறது. கூடவே தன் பிழையும் இருக்கிறது. முப்பதாம் பேர், உயிரோடிருக்கிற ஒரு மனிதரின் பேருக்குப் பின்னால் நாலு எண்ணிக்கை வெறுமை.

"பிழையோட விட முடியாது நானா."

"அப்ப அழிப்பமா?"

"இல்ல" என்றாள். "அந்த நாலு எண்ணிக்கைக்குள்ள மட்டும் புதுசா ஒரு குரலப் பதிய ஏலுமா?"

நஜீம் யோசித்தான். "நாடாவ வெட்டி ஒட்டினா ஏலும். ஆர்ட குரல்?"

சோலைமலைதான் முதலில் புரிந்துகொண்டார். "அந்தச் செல்லசாமி சும்மாவே ஊருக்குக் கேக்கக் கத்துவான். மைக்கு வேற குடுக்கப்போறியா?" என்றார். வியாழனுக்குப் பிறகு அவர் முகத்தில் பல் தெரிந்தது அப்போதுதான்.

1981 பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை.
பிழை: நாலாம் பேருக்கும் ஒன்பதாம் பேருக்கும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
நாளை: கொழுந்து நிறுத்து முடிந்ததும் செல்லசாமி அண்ணனைக் கடைக்கு அழைத்து வர வேண்டும். முப்பதாம் பேருக்கு அவரே "இருக்கேன்" என்று சொல்லிப் பதிய வேண்டும். பிறகு முதல் கசெட் எடுக்க வேண்டும். அட்டையில் நாற்பத்தொரு பேரையும் தட்டெழுத்தில் அடிக்க வேண்டும். அடித்தபின் ஒருமுறை மட்டும் சரிபார்க்க வேண்டும்.